பதினோரு நொடி

மூன்றாம் ஆண்டின் வீட்டுப்பாடம் இது:
ஒரு குழந்தையோடு இருபது நிமிடம் இரு.
பதிவு செய். பிறகு
விழுந்த ஒவ்வொரு சத்தத்தையும் எழுது.
யாரும் பேசாத இடத்தில்
எத்தனை நொடி என்று எழுது.

நெவேனுக்கு ஐந்து வயது.
மெய்யெழுத்துகளை விழுங்கிவிட்டு
உயிரெழுத்துகளை மட்டும்
சில்லறை எண்ணுவதுபோல் வெளியே விடுவான்,
அதுவும் அம்மாவிடம் மட்டும்.
வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று
மாமன்காரன் கேட்கிறானாம்.

வால்பரைசோவில், குன்றின் மேல், பயிற்சி அறை.
ஜன்னலுக்குக் கீழே தகரக் கூரைகள்: நீலம், மஞ்சள், துரு.
அதற்கும் கீழே துறைமுகம்.
ஒருவழிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
வகுப்புத் தோழர்கள் ஆறு பேர்,
பேராசிரியை,
பிரித்து வைத்த பிஸ்கட் பொட்டலம்.
இந்தப் பக்கம் நான், அவன்,
ஒரு பிளாஸ்டிக் மாடு, ஒரு சிவப்புப் பேருந்து.

அன்றிரவு உட்கார்ந்து எழுதினேன்.

இது என்ன? (2)
மாடுதானே இது? (1)
மாடு எப்படிக் கத்தும்? (2)
எங்கே, சொல்லு பார்ப்போம். (1)
சரி, இது என்ன நிறம்?

எண்ணிப் பார்த்தால் அறுபத்து மூன்று கேள்விகள்.
நீதிமன்றத்தில்கூடச் சாட்சிக்கு நடுவில்
ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்கள்.
"உன் குரலைக் கொஞ்சம் நிறுத்தேன்" என்றாள்
பக்கத்துக் கட்டிலிலிருந்து யோவாங்கா,
பாதித் தூக்கத்தில்.
காதில் மாட்டும் கருவியைத் தேடி எடுத்தேன்.

பதினாலாம் நிமிடம்.
என் நாற்பத்தோராவது கேள்விக்கு அடியில் ஏதோ ஒன்று.
'வெளிச் சத்தம், கப்பல் சங்கு' என்று எழுதினேன்.
திரும்ப ஓட்டினேன்.
சங்கு ஊதி முடிந்திருந்தது.
அதற்குப் பிறகு இன்னொன்று,
அதே நீளம், கொஞ்சம் மெல்லிசு,
ஊஊ.
எச்சில் ஈரம் இருந்தது அதில்.
கப்பலுக்கு ஏது எச்சில்?

கப்பல் கூப்பிட்டிருக்கிறது,
அவன் பதில் சொல்லியிருக்கிறான்,
நான் அதன்மேல் ஏறி நின்று
"அங்கே பார்க்காதே, மாடு இங்கே இருக்கு" என்றிருக்கிறேன்.

கப்பல் அவனிடம் நிறம் கேட்கவில்லை.
கூவியது. சும்மா இருந்தது.

அடுத்த செவ்வாய்
என் இரண்டு கைகளின்மேலும் நானே உட்கார்ந்துகொண்டேன்.
விரலைச் சொடுக்கும் நேரம் நொடி.
விடுகதைக்கும் நொடி என்றே பெயர்.
மூன்று. நான்கு.
ஆறில் கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.
ஏழில் மூக்கு அரித்தது.
எட்டில் ஒரு கேள்வி பல்வரை வந்துவிட்டது,
கடித்துப் பிடித்தேன்.
பத்தில் அவன் பேருந்தைப் பார்த்தான், என்னை அல்ல.
பதினொன்றில்
மாட்டைத் தூக்கிப் பேருந்தின் கூரையில் வைத்து
என் பக்கம் தள்ளினான்.
முட்டியில் இடித்து நின்றது.
இப்போது என்னைப் பார்த்தான்.

எந்தப் பாடத்திலும் இதற்கு வசனம் இல்லை.
"ஊ" என்றேன்.
அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.
பிடிக்கவில்லை.
"ஊஊ" என்றான், இன்னும் கீழிறக்கி,
தொண்டைக்குழியிலிருந்து,
இப்படித்தான் என்பதுபோல்.

மதிப்பெண் வாரம் கழித்து வந்தது:
ஏழுக்கு நாலு புள்ளி இரண்டு.
இலக்கு ஒலி வரவில்லை.
தானாகத் தொடங்கினானா என்ற கட்டத்தில் ஒரு டிக்,
பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறி.
கப்பலுக்குக் கட்டம் கிடையாது.

ஆனால் அன்றே, நடைவழியில்,
அவன் அம்மா பையை மார்போடு அணைத்தபடி
"பேசினானா?" என்று கேட்டாள்.
மீன் பதனிடும் ஆலையில் அரைநாள் விடுப்பு எடுத்து வந்தவள்.
நான் வாயைத் திறந்தேன்.
அவள் காத்திருந்தாள்.
கீழே நெவேன்
ஷூவின் ஒட்டுப்பட்டையைப் பிரித்தான், ஒட்டினான்,
மறுபடி பிரித்தான்:
க்ர்ர்க்.
க்ர்ர்க்.